அறிவிப்பின் கடைசி வரி

கிள்ளானின் தெற்குப் பக்கத்தில், போர்ட் கிள்ளானுக்குப் போகும் லோரிகளின் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும் இடத்தில், மூன்று புளோக் கொண்ட ஓர் அடுக்குமாடி இருக்கிறது. அதன் நிர்வாக அலுவலகம் ஏ புளோக்கின் தரைத்தளத்தில், லிப்டுக்கும் தண்ணீர்ப் பம்ப் அறைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன அறை. அங்கே பதினோரு வருடமாக கிளார்க் வேலை பார்ப்பவள் சந்திரகலா. வயது ஐம்பத்து நான்கு. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். யாராவது எழுதிக் கொடுத்த புகார்க் கடிதத்தைப் படிக்கும்போது மட்டும் அதை எடுத்து மாட்டிக்கொள்வாள். மாட்டிக்கொண்டால் உதட்டைச் சுழிப்பாள். பிழை கண்டுவிட்டாள் என்று அர்த்தம்.

பிறந்தது ரவாங்கில். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்தவர். ஐந்து பிள்ளைகளில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவள் இவள் ஒருத்திதான். அந்த ஒரு பாடத்தை நம்பியே பதினெட்டு வயதில் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பிகளுக்குப் படிப்பு, தங்கைக்குக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்ததில் இவளுடைய கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு போயே விட்டது. அதைப் பற்றி அவள் புலம்பி யாரும் கேட்டதில்லை.

அந்தக் கம்பெனியில்தான் அவளுக்கு அந்த வரி பழக்கமானது. கப்பல் வராவிட்டாலும், கன்டெய்னருக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டாலும், ஒருவனுடைய சரக்கு இன்னொருவன் கிடங்குக்குப் போய்விட்டாலும் கடிதத்தின் கடைசி வரி ஒன்றுதான். ‘எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் ரிக்ரெட்டட்.’ ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அதைப் போட்டுவிட்டால் கடிதத்துக்கு ஒரு மரியாதை வந்துவிடும், எதிராளிக்கும் மேற்கொண்டு கத்த வாய் வராது. இந்த நாட்டில் சாலையைத் தோண்டுகிறவன்கூட முதலில் ஒரு பலகை நட்டு, அதில் மலாயில் இதே வருத்தத்தைத் தெரிவித்துவிட்டுத்தான் தோண்டுகிறான்.

கம்பெனி மூடப்பட்டு இந்த அடுக்குமாடிக்கு வேலைக்கு வந்தபோது, லிப்டில் ஒட்டியிருந்த அறிவிப்புகளைப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘சாரி, டுமோரோ வாட்டர் நோ ஹேவ்’ என்று ஒன்று. முதல் வாரமே எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். மேலே தேதி, நடுவில் விஷயம், கடைசியில் அந்த வரி, அதற்கும் கீழே, பிஜே என்று எல்லோரும் சொல்லும் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தலைமை அலுவலகத்தின் பெயர். தன் பெயரை எங்கேயும் போடமாட்டாள். கிளார்க் பெயர் போட்டால் அறிவிப்புக்கு எடுப்பாக இருக்காது என்பது அவள் கட்சி.

அந்த வரியை எங்கே எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு மணி நேரம் தண்ணீர் நின்றால் வெறும் ‘ரிக்ரெட்டட்’. ஒரு நாள் முழுக்க நின்றால், அல்லது இரண்டு லிப்டும் ஒன்றாகப் படுத்துவிட்டால், ‘டீப்லி ரிக்ரெட்டட்’. அதாவது மிகவும் வருந்துகிறோம். டீப்லியை எல்லாவற்றுக்கும் அள்ளித் தெளிக்கக்கூடாது, அதற்கென்று ஒரு மதிப்பு வேண்டாமா என்பாள். பதினோரு வருடத்தில் அவள் டீப்லி போட்டது ஏழெட்டுத் தடவைதான்.

இந்தப் பெருமையைக் கேலி செய்ய உரிமையுள்ள ஒரே ஆள் புஷ்பவல்லி. பி புளோக், நாலாவது மாடி, ஏழாம் எண் வீடு. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள், கணவன் இல்லை, ஒரே மகள். சந்திரகலாவைவிட ஏழு வயது மூத்தவள். சாயங்காலம் ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு சந்திரகலா நேரே அங்கேதான் போவாள். தேநீர், தொட்டுக்கொள்ள ஏதாவது, ஊர் வம்பு, வியாழக்கிழமையானால் சேர்ந்து பாசார் மாலாம் இரவுச் சந்தை. புஷ்பவல்லிக்கு வரும் அரசாங்கக் கடிதங்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பது சந்திரகலா.

“ஒங்க ஆபீஸ் எதுக்கெடுத்தாலும் வருத்தப்படுதே சந்திரா. என்னைக்காவது அந்த பைப்ப ரிப்பேர் பண்ணுமா, இல்ல வருத்தப்பட்டுக்கிட்டே இருக்குமா?”

“பைப்பு கான்ட்ராக்டர் வேல அக்கா. வருத்தப்படுறது என் வேல.”

இப்படிச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இந்த வருடம் மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், புஷ்பவல்லிக்கு நெஞ்சு வலித்தது. சந்திரகலாதான் ஆம்புலன்ஸில் கூடவே போனாள். மகள் விஷ்ணுப்ரியா பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிறாள், அங்கேயே தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளும் ஓடி வந்து சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை விடியும்போது புஷ்பவல்லி போய்விட்டாள். மருத்துவமனையில் கையெழுத்துப் போட மகள் இருக்க வேண்டியிருந்தது. வீட்டைத் திறந்து, சாமான்களை ஒதுக்கி, ஆட்கள் உட்கார இடம் செய்ய சந்திரகலா முன்னாலேயே கிளம்பி வந்தாள். அந்த வீட்டின் இன்னொரு சாவி எப்போதும் அவளிடம்தான் இருந்தது.

எட்டு மணிக்கு பரமேஸ்வரனிடமிருந்து போன் வந்தது. குடியிருப்பாளர் குழுவின் தலைவர், இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அவசரமாகவே பேசுவார்.

“சந்திரா, டெண்ட்டுக்காரன் ஒம்போது மணிக்கு வரான். கார் லாட் பதினாலுல இருந்து இருவத்திரெண்டு வரைக்கும் வேணும். நோட்டீஸ் போட்டுடுங்க. போன தடவ நோட்டீஸ் இல்லாம டெண்ட் போட்டதுக்கு என்ன சண்ட வந்திச்சு, ஞாபகம் இருக்குல்ல?”

ஞாபகம் இருந்தது. அடுக்குமாடியில் சாவு விழுந்தால் கூடாரம் போட வேறு இடம் கிடையாது. கீழே கார் நிறுத்தும் கட்டங்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. சொல்லாமல் அடைத்தால் ஹாரன் அடித்தே சாவு வீட்டைக் கலங்கடித்துவிடுவார்கள். சந்திரகலா கீழே இறங்கி அலுவலகத்தைத் திறந்தாள். கண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் கண்ணாடியை மாட்ட முடியவில்லை. திரையைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு தட்டினாள். பி-4-7 வீட்டில் ஏற்பட்ட இறப்பின் காரணமாக, லாட் 14 முதல் 22 வரை இரண்டு நாட்களுக்கு மூடப்படும். விரல்கள் பழக்கத்தில் கடைசி வரிக்கு இறங்கின. அங்கே வந்ததும் நின்றன. அக்கா போய்விட்டாளே, வெறும் ‘ரிக்ரெட்டட்’ போதாதே என்று தோன்றியது. ‘டீப்லி’ சேர்த்தாள். மலாயிலும் அதே மாதிரி. பிறகு எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆறு பிரதி எடுத்து மூன்று புளோக்கின் லிப்டுகளிலும் ஒட்டிவிட்டு மேலே போய்ப் பாயை விரித்தாள்.

மத்தியானம் உடலைக் கொண்டுவந்தார்கள். சந்திரகலா காபி கலந்தாள், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், பூமாலை வந்ததா என்று பார்த்தாள். சாயங்காலம் கீழே யாரையோ வழியனுப்பப் போன விஷ்ணுப்ரியா, லிப்டில் திரும்பி மேலே வந்தாள். முகம் சிவந்திருந்தது. நேரே சமையலறைக்கு வந்து கைபேசியை நீட்டினாள். திரையில் அறிவிப்பின் படம்.

“ஆன்டி, இதப் பாருங்க. பிஜே ஆபீஸ்ல ஏசியில உக்காந்துகிட்டு எவனோ எழுதியிருக்கான். எங்கம்மா செத்தது இவங்களுக்கு இன்கன்வீனியன்ஸாம். அதுக்கு டீப்லி வேற. அம்மா பேரக்கூடப் போடல. வீட்டு நம்பர்தான் போட்டிருக்கான்.”

சந்திரகலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தான் எழுதியதையே அப்போதுதான் முதல் தடவையாகப் படிப்பதுபோல் இருந்தது. ஒரு லிப்ட் பழுது, ஒரு குழாய் உடைப்பு, அதன் வரிசையில் புஷ்பவல்லி. கையில் இருந்த கரண்டி காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தது. ‘நான்தாம்மா எழுதினேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். அழுது வீங்கிய அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தாள். வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

“ச்சே. என்ன மனுஷங்களோ.”

சொல்லி முடித்த நொடியே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விஷ்ணுப்ரியா அந்தப் படத்தைக் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ‘என் அம்மா இறந்ததால் உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு என் குடும்பம் வருந்துகிறது’ என்று ஒரு வரி மட்டும் சேர்த்தாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் உள்ள குழு கொதித்துவிட்டது. மனசாட்சி இல்லாதவர்கள் என்றார் ஒருவர். மெஷின்தான் எழுதியிருக்கும், மனுஷன் எழுதமாட்டான் என்றார் இன்னொருவர். மெஷின் என்ற வார்த்தையைச் சந்திரகலா பல தடவை திரும்பத் திரும்பப் படித்தாள்.

சனிக்கிழமை மின்சுடலையில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு சந்திரகலா பி புளோக் பக்கமே போகவில்லை. ஐந்தரைக்கு அலுவலகத்தைப் பூட்டினால் நேரே ஏ புளோக்கில் இருக்கும் தன் வீடு. தேநீரைத் தானே போட்டு, இரண்டு மிடறு குடித்துவிட்டு மீதியைக் கொட்டினாள். அழுகையும் வரவில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை ஓயாமல் அழுதவளுக்கு, ‘என்ன மனுஷங்களோ’ என்று சொன்ன பிறகு கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அக்காவுக்காக அழுகிற தகுதியை யாரோ பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். யாரோ என்ன யாரோ, தானேதான் தொலைத்தாள்.

எட்டாம் துக்கத்துக்கு விஷ்ணுப்ரியாவிடமிருந்து செய்தி வந்தது. ‘ஆன்டி, வரீங்கதானே?’ காய்ச்சல் என்று பதில் போட்டாள். காய்ச்சலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. பி புளோக்கிலிருந்து வந்த தேவார ஓசையை சாத்திய கண்ணாடி ஜன்னலருகே நின்று கேட்டாள்.

இதற்கிடையில் பரமேஸ்வரன் வேறு. குழுவில் எழுந்த புயலைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். நேரே அலுவலகத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“நீங்க எழுதினதுன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல, புரியுதா? அது ஆபீஸ் நோட்டீஸ், அவ்ளோதான். பேமிலிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துடுவோம். நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க.”

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். இன்ன தேதியிட்ட அறிவிப்பைக் குறிப்பிடுகிறோம் என்று ஆரம்பித்து, மேற்படி அறிவிப்பினால் குடும்பத்தாருக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் அதற்கு வருந்துகிறோம் என்று முடிந்தது. பரமேஸ்வரன் திருப்தியோடு தலையாட்டினார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வரி தெரியாது. சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

“பிரிண்டர் ரோசாக் சார், வேல செய்யல” என்றாள். பிரிண்டர் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு நன்றாகவே இருந்தது.

அவர் போன பிறகு தானே ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வருடமாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பிழைத்தவளுக்கு, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. எழுதியதெல்லாம் ஏதோ ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு எழுதுவதாகவே வந்தது. தமிழில் முயன்றாள். அது இன்னும் மோசம். ‘தங்கள் தாயாரின் மறைவு’ என்று தொடங்கியதும் பத்திரிகையில் வரும் இரங்கல் செய்திபோல் ஆகிவிட்டது. குப்பைக்கூடை நிரம்பியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வரியின்மேல் குற்றம் இல்லை. குழாய்க்கும் லிப்டுக்கும் அது சரியான வரிதான். ஒரு நாளில் முடிந்துவிடும் தொல்லைக்கு ஒரு வரி வருத்தம் போதும். ஆனால் அதைப் போடுகிறவளுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறபோது, ஆளிடம் போக வேண்டியதற்குப் பதிலாகக் காகிதத்தை அனுப்பினால், அது மரியாதை ஆகாது, ஒளிந்துகொள்வது. பதினோரு வருடம் மரியாதை என்று நினைத்து அவள் செய்தது பாதிக்குப் பாதி ஒளிந்துகொண்டதுதான்.

பதினாறாம் நாள் கருமகிரியை ஒரு சனிக்கிழமையில் வந்தது. அதே கூடாரம், அதே ஒன்பது லாட். வியாழக்கிழமை மத்தியானம் பரமேஸ்வரன் கூப்பிட்டார்.

“இந்தத் தடவ நோட்டீஸ் ரொம்ப கவனமா எழுதணும் லா. எழுதிட்டு எனக்கு அனுப்புங்க, நான் செக் பண்றேன்.”

“நோட்டீஸ் வேணாம் சார். ஒம்போது வீடுதானே. நானே போய்க் கேட்டுக்கிறேன்.”

“ஒம்போது வீட்டுக்கும் நீங்க ஏறி எறங்கப் போறீங்களா?”

“லிப்ட் வேல செய்யுது சார்.”

லாட் சொந்தக்காரர்களின் பட்டியலை அச்செடுத்தாள். பெயர், வீட்டு எண், கையெழுத்துக்கு ஒரு கட்டம். பெயர்களைப் படிக்காமல் எண்களை மட்டும் பார்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஆறு மணிக்குக் கிளம்பினாள்.

பதினாலாம் லாட் சி புளோக்கில் காக் ரோஸ் என்ற மலாய்க்கார அம்மாளுடையது. அவள் கணவர் கிராப் டாக்சி ஓட்டுகிறவர். விஷயத்தைக் கேட்டதும், கேட்கவே வேண்டியதில்லையே, அன்றைக்கும் நாங்கள் கார் எடுத்துவிட்டோமே என்றாள். இரண்டு வீட்டில் ஆள் இல்லை, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பிறகு போனில் பிடித்து, கட்டத்தில் ‘போனில் சரி’ என்று எழுதிக்கொண்டாள். பதினேழு ஜெயந்திரனுடையது. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தான். “சனிக்கிழம எனக்கு நைட்டுதான் அக்கா. பகல்ல கார வெளிய நிறுத்திக்கிறேன்” என்றான். கையெழுத்து எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் பயந்தது இருபதாம் லாட்டுக்காரருக்குத்தான். மிஸ்டர் லிம். பத்து வருடத்தில் பதினேழு புகார்க் கடிதம் எழுதியவர், எல்லாம் அவளுடைய கோப்பில் இருக்கின்றன. கம்பிக் கதவுக்குப் பின்னாலிருந்து மலாயில் கேட்டார், மறுபடியும் என்ன மூடப்போகிறீர்கள் என்று. சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

“எந்த வீடு? பி-4-7 யார்?”

“பழைய நீலக் கஞ்சில் கார் வச்சிருந்தாங்களே, ஸ்கூல் கேன்டீன்ல வேல செய்றவங்க. ஒங்க லாட்டுக்குப் பக்கத்து லாட்.”

கம்பிக் கதவைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது. தினமும் காலை ஆறேகாலுக்கு அந்தம்மா காரை எடுக்கும்போது தானும் எடுப்பேன் என்றார். ஒரு மாதிரி கை காட்டுவாள், நானும் காட்டுவேன் என்றார். இரண்டு வாரமாகக் காணவில்லை, விடுமுறைக்கு எங்கேயோ போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். நோட்டீஸ் பார்த்தேன், ஆனால் அது அவள்தான் என்று யாரும் சொல்லவில்லையே என்றார். கடைசியாகச் சொன்னதில் புகார் தொனி இல்லை. அதனாலேயே அது சந்திரகலாவை அதிகம் வருத்தியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார்.

இருபத்தொன்றும் இருபத்திரண்டும் முடிந்தபோது ஏழே முக்கால். மிச்சம் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. லாட் பத்தொன்பது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும், மத்தியானத்திலிருந்தே தெரியும். பெயரைப் பார்க்காமல் மடித்ததே அதற்காகத்தான். இப்போது தாளைப் பிரித்து, கண்ணாடியை மாட்டி, படித்தாள். புஷ்பவல்லி, அய்யாவு மகள், பி-4-7. அந்த அறிவிப்பு ஒன்பது சொந்தக்காரர்களுக்குப் போன அறிவிப்பு. ஒன்பதில் ஒருத்தி புஷ்பவல்லி. செத்துப்போனவளிடமே, நீ செத்ததால் உனக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்று ஒட்டியிருக்கிறாள். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு நாலாவது மாடிக்கு ஏறினாள்.

சாவி கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. மணியை அடித்தாள்.

விஷ்ணுப்ரியா கதவைத் திறந்தாள். மெலிந்திருந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

“சனிக்கிழமைக்கு லாட் கேட்டு எல்லார் வீட்டுக்கும் போனேம்மா. எட்டு பேரு சரின்னுட்டாங்க.” தாளை நீட்டினாள். “பத்தொம்போதுக்கு யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல.”

விஷ்ணுப்ரியா தாளை வாங்கிப் பார்த்தாள். விரல் அந்தப் பெயரின்மேல் நின்றது.

“இன்னும் அம்மா பேருதான் இருக்கு.”

“நான்தான் மாத்தணும். மாத்த மனசு வரல.” சந்திரகலா மூச்சை இழுத்துக்கொண்டாள். “ப்ரியா, அன்னைக்கு லிப்ட்ல ஒட்டியிருந்த நோட்டீஸ் பிஜே ஆபீஸ் எழுதினது இல்லம்மா. நான் எழுதினது. அழுதுகிட்டே எழுதினேன். கை பழக்கத்துல போட்டுடுச்சு. அந்த டீப்லி மட்டுந்தான் நானா போட்டது. அது அக்காவுக்குன்னு நெனச்சுப் போட்டேன். எவ்ளோ பெரிய முட்டாள்தனம் பாரு. நீ வந்து காட்டினப்ப சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் ஆன்டி.”

“தெரியுமா?”

“மூணாவது நாளே தெரியும். பரமேஸ்வரன் அங்கிளுக்குப் போன் போட்டு சண்ட போட்டேன். நான் போட்ட சத்தத்துல அவரே சொல்லிட்டாரு.” இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “நோட்டீஸ எப்பவோ மன்னிச்சிட்டேன். ஒங்களுக்கு எழுத வர்றதே அந்த மாதிரிதான்னு அம்மா சொல்லிச் சிரிக்கும், எனக்குத் தெரியாதா? ஆனா பக்கத்துல நின்னு காபி கலக்கிக்கிட்டே ‘என்ன மனுஷங்களோ’ன்னீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல. எனக்கு அன்னைக்கு யார்கிட்டயாவது கத்தணும்போல இருந்திச்சு. நோட்டீஸ்ல ஒங்க பேரு இருந்திருந்தா ஒங்ககிட்டயே வந்து கத்தியிருப்பேன். கத்திட்டு ஒங்க மடியிலேயே விழுந்து அழுதிருப்பேன். பேரே இல்லாத ஒரு காகிதத்துக்கிட்ட போயி நான் எப்படி அழறது?”

சந்திரகலா கண்ணாடியைக் கழற்றினாள்.

“எட்டாம் துக்கத்துக்கு சோத்த எடுத்து வச்சிட்டு ஒம்போது மணி வரைக்கும் ஒங்களுக்காக ஒக்காந்திருந்தேன். காய்ச்சல்னு சொன்னீங்க. ஏ புளோக் ஜன்னல்ல நீங்க நிக்கிறது இங்கருந்து தெரியுது ஆன்டி. எங்கம்மாவும் போயிடுச்சு, நீங்களும் வரல.”

உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்துவந்தாள். கதவில் தாளை வைத்து, அம்மாவின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். சந்திரகலா அதை வாங்கிக்கொண்டு, இனி கிளம்பவேண்டியதுதான் என்று நினைத்துத் திரும்பினாள்.

“எங்க போறீங்க? கோபம் இன்னும் போகலதான். கொஞ்ச நாளைக்கு இருக்கும். அதுக்காக வாசல்லயே நின்னுட்டுப் போயிடுவீங்களா? செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க.”

சந்திரகலா உள்ளே போனாள். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே புஷ்பவல்லி உட்காருகிற நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை நாளாக வராத அழுகை அப்போது வந்தது, சத்தமாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியைக் குறைக்கிற அளவுக்கு. விஷ்ணுப்ரியா கதவைச் சாத்தினாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கோபத்தோடேயே, அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.